காரணம், ஐம்பது எழுத்துக்குள்

போன வருடம் அறுபத்தொன்று.
இந்த வருடம் நாற்பத்து மூன்று.
கொருக்குப்பேட்டை, மூன்றாம் வகுப்பு, கணக்கு.
பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு.
அதற்கும் கீழே ஒரு கட்டம்:
சரிவுக்கான காரணம், ஐம்பது எழுத்துக்குள்.

"எதையாவது போடுங்க டீச்சர்,
நாலு மணிக்குள்ள அனுப்பணும்"
என்கிறார் தலைமையாசிரியை.
அவர் டப்பாவில் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருக்கிறது.

ரயில்வே கேட் என்று அடித்தேன்.
தேர்வன்று சரக்கு ரயில் ஒன்று
நாற்பது நிமிடம் நகராமல் நின்றது.
கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடிவந்தவர்கள்
மணியடிக்குமுன் உட்கார்ந்துவிட்டார்கள்.
குனியாதீர்கள் என்று நான் சொன்னதைக் கேட்ட நாலு பேர்
பாதித் தேர்வில் மூச்சு வாங்க வந்தார்கள்.
அழித்துவிட்டேன்.
போன வருடமும் அங்கே கேட் இருந்தது.

போன வருடம் எழுதியவர்கள் இவர்கள் இல்லை, என்று அடித்தேன்.
அவர்கள் இப்போது மாடியில், நாலாம் வகுப்பில்,
பெஞ்சை இழுத்துச் சத்தம் போடுகிறார்கள்.
யார் எந்தப் படியிலிருந்து சரிந்தது?
இங்கே இருப்பது பத்தொன்பது பேர்.
ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்
பள்ளிக்கே ஐந்து சதவீதம் காய்ச்சல்.
கட்டம் சிவந்தது: எழுத்துகள் அதிகம்.

பிங்கி குமாரி என்று அடித்தேன்.
கயாவுக்குப் பக்கத்திலிருந்து ஆவணியில் வந்தாள்,
தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாமல்.
இப்போது நூறுவரை எண்ணுகிறாள்,
எழுபத்தொன்பதில் மட்டும் ஒருமுறை தடுக்கி.
ஆறு மதிப்பெண்.
எங்கிருந்து கிளம்பினாள் என்று
அம்புக்குத் தெரியாது.
அவள் பெயரை அந்தக் கட்டத்தில் விட்டுவைக்க மனமில்லை.
அதையும் அழித்தேன்.

பிறகுதான் விடைத்தாள் பட்டியலைத் திறந்தேன்.
கேள்வி ஒன்பது.
நானூற்று இரண்டில் நூற்று எழுபத்தெட்டு போனால்?
பதினோரு பேர் ஒரே வட்டத்தைக் கருப்பாக்கியிருந்தார்கள்.
இ) 376.
காப்பி என்று நினைத்தேன்.
ஆனால் கடைசி பெஞ்சும் முதல் பெஞ்சும்
எப்படிப் பார்த்து எழுதும்?

எட்டில் இரண்டு போனால் ஆறு.
ஏழில் பூஜ்யம் போனால் ஏழு.
நாலில் ஒன்று போனால் மூன்று.
மேலா கீழா என்று பார்க்காமல்
பெரியதிலிருந்து சின்னதை எடுத்திருக்கிறார்கள்.
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

அன்று வாக்காளர் பட்டியல் வேலை.
வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது.
ரிஸ்வானா கையைத் தூக்கிக் கேட்டாள்:
"பூஜ்யத்துக்கிட்டதான் ஒண்ணுமே இல்லையே,
அதுக்கிட்ட போய் எப்படி டீச்சர் கடன் வாங்கறது?"
"பெரிசுலேர்ந்து சின்னதைக் கழி, அவ்ளோதான்"
என்று சொல்லிவிட்டு
கைப்பையில் சாக்பீஸையும் போட்டுக்கொண்டு ஓடினேன்.

சரியாகப் போட்டவர்கள் நாலு பேர்.
வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.
அதில் மூன்று பேர் அன்று லீவு.

கேள்வி தயாரித்தவர் யாரோ,
என்னைப் பார்த்ததே இல்லை,
ஆனாலும் என்னை அறிந்து
எனக்கென்று ஒரு வட்டம் வைத்திருக்கிறார், இ என்று பெயரிட்டு.

376 என்று போட்டு அனுப்பினேன்.
ஐம்பதில் மூன்றுதான் செலவு.

நாலரைக்கு வட்டார வளமையத்திலிருந்து போன்.
"மேடம், காரணம் போடற இடத்துல நம்பர் விழுந்திருக்கு."
"தெரியும் சார்."
"சதவீதமா மேடம்?"

வெளியே வந்தால் கேட் போட்டிருக்கிறார்கள்.
பால் வண்டிக்கும் பைக்குகளுக்கும் நடுவே ரிஸ்வானா,
குனியாமல் நின்றுகொண்டிருக்கிறாள்.
"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே" என்றேன்.
"பூஜ்யம் முதல்ல பக்கத்து வீட்டு நாலுகிட்ட வாங்கும்.
வாங்கினதிலேர்ந்து ஒண்ணை எடுத்து
இந்தப் பக்கம் இருக்கற ரெண்டுக்குக் கொடுக்கும்."

ஒரு பெட்டி, இரண்டு பெட்டி,
சரக்கு ரயில் மெதுவாய்ப் போகிறது.

"எங்கம்மா செய்யற மாதிரியா டீச்சர்?"