ஒன்பது கிலோ முந்நூறு

பெரியபட்டினத்தில் என் காயலான் கடைத் தராசு
பார்க்காத உலோகம் இல்லை.
மோட்டார் விசிறி, நங்கூரக் கொக்கி,
துபாயிலிருந்து திரும்பிய ஏசியின் வயிறு,
ஒருதடவை, கட்சிக் கூட்டத்து ஒலிபெருக்கியின் வாய்.

இது வேறு.

பாசி எடுக்கப் போன நம்புச்செல்வி
முள்ளித்தீவுக்குக் கிழக்கே மிதந்ததைக்
கயிறு கட்டி இழுத்து வந்திருந்தாள்.
கட்டிலில் பாதி அகலம். தொட்டிலின் வளைவு.
வெளியே வெள்ளைப் பூச்சு,
ஒடிந்த ஓரத்தில் தேனடை தேனடையாய் அலுமினியம்.
அடிப்பக்கம் முழுக்கக் கொட்டலசு, உயிரோடு,
வாயைத் திறப்பதும் மூடுவதுமாக.
நடுவில் சிவப்பில் நாலு எழுத்து.

"ஆள் நீளம் இருக்கு காக்கா,
ஒத்தக் கையில தூக்கலாம், பாருங்க."

வெடிக்குமா என்று கேட்டுக்கொண்டே
டீக்கடை சீனி உடையான் கிட்டே வந்தான்.
பாலிடெக்னிக் படிக்கும் ரிபாய்தீன்
எழுத்துக்கு மேலே போனைப் பிடித்தான்.
போன் கொஞ்சம் யோசித்தது.
பிறகு தமிழில் காட்டியது:
மிதிக்காதே.

நாங்கள் ஆறு பேரும்
ஒரு எட்டு பின்னால் வைத்தோம்.

சீனத்து ராக்கெட்டின் தலைமூடி என்றான் ரிபாய்தீன்.
உள்ளே இருக்கும் செயற்கைக்கோள் முகத்தில்
காற்று அறையாமல் இருக்க ஒரு முக்காடு.
காற்று தீர்ந்த உயரத்தில்
இரண்டாய்ப் பிளந்து கழற்றிவிடுவார்களாம்.
அதற்கும் முன்னாலேயே கீழ்ப்பாகம் கழன்றிருக்கும்,
அப்புறம் அதற்கு மேல்பாகம்.
இவ்வளவும் எரிந்து, இவ்வளவும் விழுந்து,
கடைசியில் ஒரு பீரோ அளவுப் பொருள்தான்
மேலே சுற்றும்.
எதையும் திரும்ப எடுப்பதில்லை.
ஒருமுறைக்கென்றே செய்தது.

"கல்யாண வீட்டுப் பேப்பர் தட்டு மாதிரியா?"
"அதேதான்."
"அதுக்கா இம்புட்டு நேர்த்தி?"
ஒடிந்த ஓரத்தைத் தடவினாள்
துணி சுற்றிய விரலால்.

என் மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு.
மழை பெய்த மறுநாள்
தோப்புப் பக்கமிருந்து பிள்ளைகள் கொண்டுவரும்
பச்சைப் பீங்கான் சில்லுகள்.
அதுவும் சீனத்துச் சரக்குதான்,
இந்தக் கரையில் கப்பல் நின்ற காலத்தில்
உடைந்ததென்று யாரோ வீசியது.
அதற்குக் கிலோ விலை தெரியாமல்
மிட்டாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

தராசில் ஏற்றினோம்.
ஒன்பது கிலோ முந்நூறு.
கொட்டலசுக்கு எவ்வளவு கழிக்க என்று
நான் கணக்குப் போடும்போதே
அவள் கேட்டாள்:
"காக்கா, கத்திரி இருக்கா?"

மறுநாள் பத்து மணிக்கு மண்டபத்திலிருந்து
மரைன் போலீஸ் ஜீப்.
தொட்டவர்கள் யார் யார்.
சோப்புப் போட்டுக் கை கழுவினீர்களா.
உரியவர் யாரென்று தில்லிக்கு எழுத வேண்டும்,
தில்லி அங்கே எழுதும்.
"இழுத்துட்டு வந்த கூலியை
அந்த உரியவர் தருவாராய்யா?" என்றாள் நம்புச்செல்வி.
சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடம் தேடினார் என்றுதான் நினைக்கிறேன்.

என் தராசிலேயே மறுபடி எடை போட்டார்கள்.
எட்டு கிலோ அறுநூறு.
அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
கொட்டலசு காய்ந்ததில் கொஞ்சம் போயிருக்கும்.
மிச்சம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

இன்று காலை கடல் கண்ணாடியாய்க் கிடந்தது.
வத்தையின் விளிம்பில் உட்கார்ந்து
சங்கு குளிக்கிறவர்கள் கட்டும் கால்தட்டு போல
இரண்டு வெள்ளைத் துண்டுகளை
ரப்பர் வாரால் பாதத்தில் இறுக்கிக்கொண்டிருந்தாள்.
வலது காலில் ஒன்றரை எழுத்து, சிவப்பாக.
முகக்கண்ணாடியை இறக்கினாள்.
தலை முதலில் போனது,
அப்புறம் இடுப்பு.
கடைசியாக அந்த இரண்டு தட்டும்
தண்ணீரை ஓங்கி
ஒரு மிதி மிதித்தன.