நான்கு மணி நேரம் பின்னால்

குத்தாயிஸியில், லிஃப்ட் ஓடாத கட்டடத்தின்
ஐந்தாம் மாடியில்
எங்களுக்கு இருப்பது ஒரே கணினி.
வட்டைப் பாதியாய் வகிர்ந்து தந்தவன்
கீழ்வீட்டு கோச்சா.
கூலி ஒரு பாட்டில் சாச்சா.
வெட்டும்போது சத்தமே வரவில்லை.
ஒரு நீலப் பட்டை, ஒரு பச்சைப் பட்டை,
நடுவே மயிரிழைக் கோடு.

என் பக்கம் விண்டோஸ்:
ஹேசல் கொட்டை ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்கு மென்பொருள்
வேறெதிலும் ஓடாது.
ரமாஸின் பக்கம் லினக்ஸ்:
நீரேற்று நிலையத்தில் ஷிஃப்ட் முடித்து
இரவு ஒரு மணிக்கு வருபவன்
ரியோனி ஆற்றின் மட்டத்தை அதில் வரைகிறான்.
யாரும் கேட்காத வரைபடம்.
நான் எழும்போது அவன் தூங்கியிருப்பான்.
அவன் வரும்போது நான்.

கணினியைத் திறந்தால்
கறுப்புத் திரையில் இரண்டு வரி, பத்து நொடி.
எங்கள் முதல் சண்டை அதில்தான் வந்தது:
யாரும் எதையும் தொடாவிட்டால்
யாருடையது திறக்கும்?

அவன் பக்கத்திலிருந்து என் கோப்புகள் தெரியும்.
என் பக்கத்திலிருந்து அவனுடையது
வெறும் இடம்.
இது யார் செய்த நியாயம் என்று கோச்சாவைக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினான்.

இன்னொன்றும் உண்டு.
அவன் உட்கார்ந்து எழுந்த மறுநாள்
என் கடிகாரம் நான்கு மணி நேரம் பிந்தியிருக்கும்.
காலை ஒன்பதுக்கு நான் திறந்தால்
ஐந்து என்று சாதிக்கும்.
அவனுடையது உலக நேரத்தை எழுதி வைக்கிறது,
என்னுடையது அதை ஊர் நேரம் என்று நம்புகிறது.
பில்லில் தேதி மாறி
ஒருமுறை முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒரு வாரம் நாங்கள் பேசவில்லை.
காரணம் ஹீட்டர் பில். அல்லது அவன் அக்கா.
அந்த வாரம் பார்த்து ஒரு அப்டேட் வந்தது.
இருமுறை அணைந்து எரிந்தபின்
கறுப்புத் திரை இல்லை, பத்து நொடி இல்லை.
நேராக என் பக்கம், நான் மட்டுமே இருந்ததுபோல.
மூலையில் ஒரு பெட்டி பணிவாகக் கேட்டது:
இந்தப் பகுதியைப் பயன்படுத்த
முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்.
செய்யட்டுமா?

மூன்று வருட ஆறு அதற்குள் இருந்தது.
வெள்ளம் வந்த மே மாதம் இருந்தது.
என் பக்கத்துக்கு அது ஒன்றுமே இல்லை.
சுட்டியை 'ஆம்' மேல் கொண்டுபோனேன்.
கொண்டுபோனேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.
அவனிடம் சொன்னதில்லை.
அடுப்பில் பால் பொங்கியது, ஓடினேன்.
திரும்பி வந்து 'வேண்டாம்' அழுத்தினேன்.

கோச்சா ஒரு பென் டிரைவோடு வந்தான்.
இருபது நிமிடத்தில் இரண்டு வரியும் திரும்ப வந்தன.
போகிற போக்கில் சொன்னான்:
"நீ முழுசாய் அணைப்பதில்லை, மக்வாலா.
உன் பக்கம் அரைத்தூக்கத்தில் கிடக்கிறது.
அவனால் படிக்கத்தான் முடியும்,
எழுத முடியாது."

அன்று முதல் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு
முழுசாய் அணைக்கிறேன்.

கடிகாரத்தையும் சரிசெய்து வைத்தது ரமாஸ்தான்,
ஒரே வரிக் கட்டளையில்.
நல்லதுதான், பில்கள் ஒழுங்காகப் போகின்றன.
ஆனால் காலை ஒன்பதுக்கு ஒன்பது என்றே அது காட்டும்போது
இரவு அவன் இங்கே உட்கார்ந்தானா,
வந்ததும் படுத்துவிட்டானா,
தெரிய வழியில்லை.
பிந்திய நான்கு மணி நேரம்தான்
இவ்வளவு நாளும் அவன் எனக்கு எழுதிய கடிதம் என்று
அப்போது உறைத்தது.

நேற்று காலை
என் திரையில், கொட்டைக் கணக்குகளுக்கு நடுவே,
பெயரிடாத ஒரு கோப்பு.
திறந்தேன்.
வெண்ணெய் தீர்ந்துவிட்டது.
ஆறு பதினொரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.
ஜன்னலைச் சாத்திவிட்டேன், நீ இருமினாய்.

சேமிக்கட்டுமா என்று கேட்டது.
நான் எதையும் மாற்றவில்லையே.
ஓர் இடைவெளி தட்டிவிட்டிருக்கிறேன் போல.