மூன்றாம் குடிலுக்கு எவ்வளவு தூரம்

தொலைபேசியில் அந்த ஆள் சொன்னார்:
இரண்டாம் குடிலிலிருந்து மூன்றாம் குடிலுக்கு
ஐந்து மணி நேரம்.
தூரத்தைக் கேட்டேன்.
அதைத்தானே சொன்னேன் என்றார்.
மழை பெய்தால் ஏழு.

பத்தொன்பது வருடமாய் நிலம் அளக்கிறேன்.
கொரடாச்சேரிக்குத் தெற்கே
ஒவ்வொரு வரப்புக்கும் என்னிடம் கணக்கு உண்டு.
அரை அடி தள்ளிக் கல் நட்டதற்கு
அண்ணனும் தம்பியும் பேச்சை முறித்துக்கொண்டதைப் பார்த்தவள்.
மழை பெய்தால் நீளுகிற தூரம் எதையும்
இதுவரை நான் வரைந்ததில்லை.

ஹாஜிரா சிரிக்கிறாள்.
மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டிமேல்
மலையின் வரைபடத்தை விரித்திருக்கிறாள்,
நாலு மூலைக்கும் நாலு இருமல் மருந்துப் புட்டி.
சம உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கி
சுழன்று சுழன்று
மனுக்களில் நான் வாங்கும் கைநாட்டுப் போல.
எங்கள் பக்கத்துத் தாளில் அப்படி ஒரே ஒரு கோடு.
கட்டவிழ்ந்த ஆடாக
வெண்ணாற்றங்கரை ஏறி
பள்ளிக்கூடத்தைச் சுற்றிவிட்டு
எங்கோ போய்விடுகிறது.

ஆறு நாள். ஐந்து குடில்.
கம்பளி அவர்களுடையது, அரிசி நம்முடையது.
(எப்போதும் நம்முடையதுதான் என்று எழுதி அடித்தேன்.)
குடிலுக்கு நான்கு படுக்கை.
மீதி இரண்டில் யார் படுப்பார்கள் என்று கேட்டேன்.
யாராவது, என்றாள் ஹாஜிரா,
நம்மை இன்னார் மகள் என்று தெரியாத யாராவது.
அதைச் சொல்லும்போது
மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.
கொஞ்சம் கோணலாய்ப் போனது.

மாதம் குறிப்பதில்தான் சண்டை.
மார்கழி எனக்குத் தோது.
பயிர் நிற்கும்போது யாரும்
அளக்க வாருங்கள் என்று கூப்பிடுவதில்லை.
அவளுக்கோ மார்கழிதான் வியாபாரம்.
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் வந்து சொன்னாள்:
போகட்டும், ஊர் ஒரு வாரம் இருமட்டும்.

விடுப்பு மனுவில் காரணம்: சொந்த அலுவல்.
தாசில்தார் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
சொந்தம் சரி, என்ன அலுவல்?
நடக்கிறது என்றேன்.
எது நடக்கிறது என்றார்.

ஏற்றம் பழக எங்கே போவது?
மிதிக்காமல் சைக்கிள் உருள
ஒரு சரிவு கிடையாது இந்தச் சீமையில்.
கடைசியில் குடிநீர்த் தொட்டி.
எண்பத்தாறு இரும்புப் படி.
பக்கிரிசாமி காலை ஐந்துக்கு மோட்டார் போட வருகையில்
கம்பிக் கதவைத் திறந்துவிடுகிறார்.
முதுகில் ஆளுக்கு எட்டுக் கிலோ விதைநெல்,
இறங்கும்போது ஹாஜிராவின் இடது முட்டி
பழைய கொண்டி மாதிரிச் சத்தம் போடும்.

மேலே நின்றால் பச்சை மட்டும்தான்.
நான் நட்ட கற்கள், நான் பிரித்த பங்குகள்
எதுவும் தெரியவில்லை.
கைப்பிடிச் சுவரில் ஒரு மீன்கொத்தி,
எங்களைவிட முந்தி வந்தது.

இன்றைக்கு எத்தனை தடவை ஏறினோம்?
எண்ணிக்கை தவறிப்போய்
கீழே வந்து பக்கிரிசாமியைக் கேட்டேன்.
மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்
நிதானமாய்ச் சொன்னார்:
முக்கால் தொட்டி.

ஹாஜிரா என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் சிரித்திருப்பாள்.
கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து,
தூரம் என்று தலைப்பிட்டு
வாரக்கணக்கில் காலியாய் வைத்திருந்த பத்தியில்
எழுதினேன்:
இரண்டிலிருந்து மூன்று, ஐந்து மணி.
மழையென்றால் ஏழு.
ஹாஜிராவின் முட்டிக்கு இன்னும் ஒன்று.