குறைவுக் கட்டணம்

மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்கு எதிரே
லேமினேஷன் கடை.
கண்ணாடி மேசையில் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்.
பட்டச் சான்று.
ஆறு பருவத்து மதிப்பெண் பட்டியல்.
பல்கலைக்கழகத்தில் மூன்றாமிடம் என்று
மெய்யாகவே அச்சடித்த தாள்.
அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது
ரோஸ் நிற ரசீது ஒன்று.

"இதுவுமாக்கா?" என்றான் கடைப் பையன்,
ஓரத்தைப் பிடித்துத் தூக்கி,
பழைய பஸ் டிக்கெட்டைப் பார்ப்பதுபோல.

பெயர்: சு. அஞ்சலாட்சி.
மூன்றாமாண்டு வேதியியல்.
வருகைக் குறைவு நான்கு சதவீதம்.
ரூபாய் நானூற்றைம்பது.
காரணம் என்ற கட்டத்தில்
காய்ச்சல், என் கையெழுத்தில்.

காய்ச்சலெல்லாம் இல்லை.

முதல் இரண்டு வருடம்
பியூரெட்டின் கீழேயே நின்றவள் நான்.
நிறமில்லை, நிறமில்லை, நிறமில்லை,
ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு.
அங்கே நிறுத்தத் தெரியவேண்டும்.
இன்னொரு சொட்டு விழுந்தால்
கொட்டிவிட்டு முதலிலிருந்து.
எனக்கு அது பிடித்திருந்தது, பொய்யில்லை,
இப்போதும் பிடிக்கும்.
நாளையும் அப்படித்தான் அளந்தேன்.
ஐந்தே முக்காலுக்கு விழிப்பு,
ஏழு இருபதுக்கு முதுநகர் டவுன் பஸ்,
மடியில் விரித்த நோட்டு.
ஜன்னலோரம் உட்கார்ந்தும்
கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை குளோத்தில்டா கேட்டாள்:
"லேபில் ஜன்னலைத் திறந்தால் கேட்கிறதே,
அது என்ன சத்தம் என்று தெரியுமாடி உனக்கு?"
எக்ஸாஸ்ட் ஃபேன் என்று நினைத்திருந்தேன்.
நடந்து போகும் தூரம்தான்
தேவனாம்பட்டினம்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கெட்டுப்போனேன்.
சபூரா தம்பியின் டிவிஎஸ் எக்ஸெல்லை
ஈரமணலில் ஓட்டினேன்.
ஓட்டினேன் என்பது பெரிய வார்த்தை.
புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய்
அடைமழையில் மாட்டி,
ஊரில் ஒன்றையும் பார்க்காமல்
பஸ் நிலையத்திலேயே மூன்று மணிநேரம் சிரித்துவிட்டு
வந்த வழியே திரும்பினோம்.
மாசி மகத்தன்று எங்கெங்கோ இருந்தெல்லாம்
தீர்த்தவாரிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள் சாமிகள்.
சாமிகளே ஊரை விட்டு வந்திருக்க
எனக்கென்ன கனிம வேதியியல்?

முதலிடம் வாங்கியவளுக்கும் எனக்கும்
பதினொரு மதிப்பெண் வித்தியாசம்.
துறைத்தலைவர் மேடம் இரண்டு முறை சொன்னார்:
"பதினொன்று, அஞ்சலாட்சி, பதினொன்றே பதினொன்று."
எங்கே போயின என்று எனக்குத் தெரியும்.
ஒன்றிரண்டு அந்த மழையில் நனைந்தன.
மணலில் கொஞ்சம்.
மிச்சமெல்லாம் சபூராவின் நிச்சயம் முறிந்த இரவு:
போனில் அவள் அழ அழ
விடியும்வரை "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.
காலையில் கரிம வேதியியல் தேர்வு.
கேள்வித்தாளில் பென்சீன் வளையம்
இரண்டிரண்டாய்த் தெரிந்தது.

யாரையும் கெட்டுப்போகச் சொல்லவில்லை.
மூன்றாமிடம் இல்லாவிட்டால்
இந்த ரசீதைப் பற்றி இப்படிப் பேசுவேனா
என்று கேட்டால் பதில் தெரியாது.
விடிய விடியப் படித்ததும் நான்தான்.
அந்தச் சமன்பாடு சட்டென்று அவிழ்ந்தபோது
மொட்டைமாடியில் தனியாகக் கைதட்டியதும் நான்தான்.

கடல்நீரில் உப்பு ஏறக்குறைய மூன்றரை சதவீதம்.
மிச்சமெல்லாம் வெறும் தண்ணீர்.
ஆனாலும் அதை யாரும்
கொஞ்சம் அசுத்தமான தண்ணீர் என்பதில்லை,
கடல் என்கிறார்கள்.
என்னுடையது நான்கு.

"அக்கா, இதுவுமா?"
"போடுப்பா."

சூட்டோடு வெளியே வந்தது,
ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழோடு.
"சின்னதுதானே, காசு வேண்டாம்" என்றான்.
எட்டுத் தாளுக்கு வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம்.
பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது.
கெடிலத்தில் தண்ணீர் இருந்தது,
கொஞ்சம்தான்,
ஒரு பக்கமாக ஒதுங்கி.