நங்கூரப் பொத்தான்

ஏற்காட்டுச் சாலையின் ஏழாவது வளைவில்
ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து ஏறும்போது
எதிரே இறங்கி வந்தவருக்கு வணக்கம் சொன்னேன்.
நின்றுவிட்டார்.
தோளில் பலாப்பழம், கழுத்தெல்லாம் வியர்வை.
"என்னம்மா, வண்டி கிண்டி நின்னு போச்சா?"
இல்லைங்க, சும்மாதான் என்றேன்.
சும்மா யாராவது வணக்கம் வைப்பார்களா.
அடுத்த வளைவு மறைக்கும்வரை
திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனார்.

இருபத்தாறு நாள் ஆஸ்திரியா ஒட்டவைத்த பழக்கம்.
அங்கே மலைப்பாதையில்
முன்பின் தெரியாதவரும் முகமன் சொல்கிறார்.
அதே ஆள் கீழே ரயிலில்
முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்தாலும்
ஜன்னலைத்தான் பார்க்கிறார்.
எத்தனை உயரத்தில் உங்கள் ஆட்கள்
பேச ஆரம்பிப்பார்கள் என்று கேட்டேன்.
"ஆயிரம் மீட்டர்" என்றாள் ஹெர்மினே.
சிரிக்கவில்லை.

கம்பெனி என்னை அனுப்பியது கல்லுக்காக.
கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கரட்டில்
நாங்கள் தோண்டும் மாக்னசைட்
அவர்கள் மலையிலும் உண்டு.
அவர்களுடைய சோதனைக்கூடத்தில் தூசியே இல்லை.
என் கைப்பையின் மடிப்பிலிருந்து உதிர்ந்த
ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை
விரலில் ஒற்றிப் பார்த்து
"ஸாலெம்" என்றாள்.
என் ஊரின் பெயரை
அவ்வளவு கவனமாக யாரும் சொன்னதில்லை.

முதல் ஞாயிறு அரைப்பட்டினி.
ஒரு கடை திறக்கவில்லை.
பெட்டியில் நொறுங்கிக் கிடந்த தட்டுவடையை
சட்னியும் இல்லாமல், பீட்ரூட் துருவலும் இல்லாமல்
குழாய்த் தண்ணீரோடு விழுங்கினேன்.
காய்ச்சினியா என்று கேட்டார் தண்டபாணி, போனில்.
மலையே காய்ச்சித்தான் அனுப்புது என்று
ஏதோ சொல்லி வைத்தேன்.

இரவு பத்து மணி, வெறும் தெரு,
வண்டி எதுவும் இல்லை, நாய்கூட இல்லை.
சிவப்பு விளக்குக்கு ஒரு கிழவர் காத்து நின்றார்.
அவருக்குப் பின்னால் நானும் நின்றேன்.
எதற்கு நிற்கிறோம் என்று
எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

கடைசி வாரம் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.
தையல் பெட்டியைக் கவிழ்த்து
ஒரு பித்தளைப் பொத்தானைத் தேடி எடுத்தாள்.
அதில் சின்னதாய் ஒரு நங்கூரம்.
கொள்ளுத்தாத்தா கடற்படையில் இருந்தாராம்.
உங்கள் நாட்டுக்குத்தான் கடலே இல்லையே?
"அப்போது இருந்தது" என்றாள்,
கொல்லையில் முன்பு கிணறு இருந்தது என்பது போல.

மறுநாள் ஒரு சுண்ணாம்புப் பாறையில்
சிப்பியின் அச்சைக் காட்டினாள்.
இதுவும் எங்கள் கடல்தான் என்றாள்.
பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல நினைத்தேன்.
ஆனால் எங்கள் கல்லில் சிப்பி கிடையாது,
அது பூமியின் அடிவயிற்றிலிருந்து ஏறி வந்த வேறு வம்சம்.
இருபது வருடமாக அதைச் சோதிக்கிற நான்
பொய் சொல்ல முடியாது.

திரும்பி வந்து மூன்று மாதம்.
அஸ்தம்பட்டியில் நள்ளிரவுச் சிவப்புக்கு
ஸ்கூட்டரை நிறுத்தினேன்.
பின்னால் வந்த பால்வண்டிக்காரர்
ஹாரன் அடிக்காமல், அருகில் வந்து
"உடம்புக்கு முடியலையா அக்கா?" என்றார்.

நேற்று அவளிடமிருந்து மெயில்.
சேலத்துக்கு வரலாம் என்று இருக்கிறாளாம்.
ஒரே ஒரு கேள்வி:
உங்கள் ஊரிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?
நாற்பத்து மூன்று வயதில்
நான் கடல் பார்த்தது நாலு தடவை.
எங்களுக்குக் கடல் என்பது
விடியற்காலை மீன் மார்க்கெட்டில்
லாரியிலிருந்து வழிகிற ஐஸ் தண்ணீர்.

எழுதினேன்:
கடலூருக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.
உளுந்தூர்ப்பேட்டையில் டீக்கு நிறுத்துவார்கள்.
ஜன்னல் ஓரம் உனக்கு.
பொத்தானையும் எடுத்து வா.
மே மாதம் மட்டும் வராதே, தாங்கமாட்டாய்.

அனுப்புவதற்குள்
மல்கோவா ஞாபகம் வந்தது.
கடைசி வரியை அழித்தேன்.