பதினெட்டாவது லோடு

இந்த மண்ணில் கல் கிடையாது.
தோண்டினால் வண்டல், அதற்கடியில் மணல்,
அதற்கடியில் வேறொரு மணல்.
நாயை விரட்ட மண்கட்டிதான்,
ஓங்குவதற்குள் கையிலேயே உதிர்ந்துவிடும்.
ராஜகிரியில் கல்லென்று எதைப் பார்த்தாலும்
அது லாரியில் வந்தது.

மூன்று தரம் ரோடு போட்டார்கள்,
பழசைச் சுரண்டாமல், அதன் மேலேயே.
ஒவ்வொரு தரமும் வீடு ஒரு படி கீழே போனது.
போன ஐப்பசியில் குடமுருட்டி நிரம்பாமலே
சாக்கடைத் தண்ணீர் வாசலேறி வந்து
பிரிட்ஜுக்கு அடியில் படுத்துக்கொண்டது.
இடித்துவிட்டு நாலடி ஏற்றிக் கட்டு
என்றார் ஷார்ஜாவிலிருந்து.
நாற்பது லோடு கிராவல்.
எண்ணுவது என் வேலை.

அரியலூர்ப் பக்கம் சுரங்கத்தில் ஒதுக்கிய மண்.
திருமானூர் வந்து, கொள்ளிடப் பாலம் தாண்டி,
விடிவதற்குள் வேதமாணிக்கம் பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டுவான்.
நோட்டில் ஒரு கோடு.
ஐந்தாவது கோடு குறுக்கே.

நாலாவது லோடில் கிடைத்தது முதலாவது.
பத்து ரூபாய்க் காசு அகலம்.
ஆட்டுக்கொம்பைச் சுருட்டி யாரோ மிதித்தது போல.
பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
எலுமிச்சை பிழிந்தேன். நுரைத்தது.
திருச்சியில் படிக்கும் சுமையாவுக்குப் படம் அனுப்ப,
அவளுடைய மிஸ்ஸிடமிருந்து ஒரே ஒரு சொல்:
அம்மோனைட்.
வயிற்றுப்போக்கு மாத்திரை மாதிரி ஒரு பேர்.
மறுநாள் இன்னொரு வரி:
ஏறக்குறையப் பத்துக் கோடி வருஷம்.
அந்த ஏறக்குறையவுக்குள்
எத்தனை ராஜகிரி போட்டாலும் நிரம்பாது.

அப்புறம் நோட்டில் இரண்டு பத்தி.
இடப்பக்கம் லோடு, வலப்பக்கம் நத்தை.
ஆட்கள் மண்வெட்டியோடு வருமுன்
முட்டி போட்டுத் துழாவுவேன், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.
சிலேட்டுக்குச்சி போல ஒன்று.
மீன்பல் ஒன்று, இன்னும் கூராக, விரலைக் கீறியது.
பால்பவுடர் டப்பா இரண்டு நிறைந்தது.

ஒரு ராத்திரி உறைத்தது:
தண்ணீர் ஏறக் கூடாதென்று
நாற்பது லோடு கடலடியைக் காசு கொடுத்து வாங்கி
வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.
சிரிப்பு தாங்கவில்லை.
வீடியோ காலில் சொன்னேன்.
லோடு குறையாமப் பாத்துக்க, என்றார்.

பதினேழாவதில் அது.
சோற்றுத்தட்டு அகலம், சரிபாதி.
ஜேசிபியின் பல் பிளந்த முகம் ஈரமாய் மின்னியது.
உள்ளே அறை அறையாய்க் கல்கண்டு பூத்திருந்தது,
அறைக்கு அறை நடுவில்
கொத்தமல்லி இலையின் விளிம்பு.
மறுபாதி பதினெட்டில்தான் இருக்கும்.
ஒரே மேடு, ஒரே வாளி.

பதினெட்டு வரவில்லை.
மூன்றாம் நாள் வேதமாணிக்கம் தலையைச் சொறிந்தான்:
அய்யம்பேட்டையில அவசரம்னாங்கக்கா,
கல்யாண மண்டபம், ஐநூறு கூடக் குடுத்தாங்க.
வழக்கமாய் நான் விடுகிற ஆளில்லை.
அன்றைக்கு ஒன்றுதான் கேட்டேன்:
மண்டபத்தில் எந்தப் பக்கம் கொட்டினாய்?
சாப்பாட்டு ஹால், கிழக்கு மூலை.
அவன் பயந்துவிட்டான், நான் திட்டாததற்கு.

வீடு எழும்பி, பால் காய்ச்சி, மூன்று மழை பார்த்தாயிற்று.
மீதி டப்பாக்கள் பீரோவுக்கு மேலே.
நோட்டில் பதினெட்டுக்கு நேரே
இன்னும் வெறும் தாள்.

நேற்று அய்யம்பேட்டையில்
தாஜுன்னிசா மகளுக்கு நிக்காஹ்.
கிழக்கு மூலையாய்ப் பார்த்து உட்கார்ந்தேன்.
நாலு பேருக்கு ஒரு சஹன்,
விளிம்பிலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே போனோம்.
டைல்ஸுக்குக் கீழே சிமெண்ட், சிமெண்டுக்குக் கீழே
எங்கேயோ முகம் குப்புற அது.
பையில என்ன மாமி, இப்படிக் கனக்குது,
நகர்த்தப்போன பெண் கேட்டாள்.
வீட்டுச் சாமான், என்றேன்.
அவள் தரையில் வைத்தபோது
ணங் என்று ஒரு சத்தம்.

கொஞ்சநேரம் காத்திருந்தேன்.
பிறகு தால்ச்சா கேட்டேன்.