கரிப்பூட்டு

முள்ளியாற்றங்கரையில் மூடிப்போன அரிசி ஆலை.
நெல்மூட்டை கிடந்த கிடங்கில்
நாற்பத்தொரு குடும்பம் கிடந்தோம்.
சுவர் என்பது சேலை.
இந்தப் பக்கம் நீலப்பூ, அந்தப் பக்கம்
யாருடையதோ கலியாணக் கூறை.
ஒரு வீட்டில் தும்மினால்
நாலு வீட்டில் "நூறு" என்பார்கள்.

மரியசீலன் மாமாதான் தொடங்கினார்.
எங்கள் வாசல் சாக்குக்கு வெளியே நின்று
வாயாலேயே "டக் டக்" என்றார்.
உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருந்த அம்மா
"ஆரது?" என்றா.
"கெதியாத் திறவுங்கோ, மழை பெய்யுது."
கிடங்குக்குள் மழையில்லை.
தகரம் ஓட்டையான மூலையில் மட்டும் இருந்தது.

அதன்பிறகு எல்லோரும் தட்டினோம்.
காது கேளாத பொன்னுக்கோனின் வீட்டில் மட்டும்
வாயால் இடி இடிக்க வேண்டியிருந்தது.

தன் வாசல் சாக்கில்
அடுப்புக்கரியால் கதவு வரைந்தார் மாமா.
தாழ்ப்பாள், நாதாங்கி,
ஆமை அளவில் ஒரு பூட்டு.
"திறப்பு எங்கயப்பா?" என்றா யோகநாயகி மாமி.
"கடலுக்குள்ள விழுந்திட்டுது.
படகுக்காரன் நிப்பாட்ட மாட்டன் எண்டிட்டான்."
ஒவ்வொரு இரவும் வாசலில் நின்று
சாரத்தில் இல்லாத பொக்கற்றைத்
தடவித் தடவித் தேடுவார்.

ஐப்பசியில் சிமெந்து வெடிப்பில்
எலி தவறவிட்ட நெல் முளைத்தது.
பதினொரு பயிர்.
சுற்றிலும் செங்கல் வைத்து வரப்பு கட்டினார்.
"மேட்டூர் திறந்தாச்சோ?" என்று எங்களைக் கேட்டபடி
வாய் கொப்பளித்த தண்ணீரைப் பாய்ச்சினார்.
பக்கத்து ஊர் நடவில் முதுகு முறிந்து வரும் பெண்கள்
"மிராசுதார் ஐயா,
நாளைக்கு உங்கட வயலில வேலை இருக்கோ?" என்பார்கள்.

மற்றபடி சிரித்த நேரங்கள் அதிகமில்லை.
அந்த வருஷம்
ஆறு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது.
பெயர் கூப்பிடும்போது குரல் நடுங்கினால்
இரண்டாம் தரம் கூப்பிடுவார்கள்.
ஊரில் குண்டு விழுந்த சேதி
தேநீர்க்கடை ரேடியோவில் வந்து
வேலிக்குள் எங்களிடம் சேர்வதற்குள்
செத்தவரின் பெயர் தேய்ந்துவிடும்.
தேய்ந்த பெயருக்கு
மூன்று வீடுகளில் அழுவோம்.

மார்கழியில் ஓரிரவு டார்ச் வெளிச்சம் வந்தது.
மன்னார்குடிப் பக்கத்துப் பேச்சோடு ஒரு போலீஸ்காரன்,
மீசை இன்னும் சரியாக வரவில்லை,
கரிக்கதவைப் பிய்த்து எறிந்தான்.
"தம்பி," என்றார் மாமா, பாயிலிருந்து எழும்பாமலே,
"கதவை உடைச்சுப்போட்டியள்.
தச்சன் கூலி ஆர் தாறது?"

எங்கோ ஒன்பதாம் சேலைக்குள் ஒரு சிரிப்பு.
பிறகு பொன்னுக்கோனைத் தவிர எல்லோரும்.
பிறகு, யாரோ காதில் கத்திச் சொன்னபின்,
தனியாகப் பொன்னுக்கோன்.

பையன் நின்றான்.
அடுத்த வாசலுக்குப் போனான்.
அதிகாரி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்து
மிகச் சின்னதாக
"டக் டக்" என்றான்.

அதனால் ஒன்றும் மாறவில்லை.
மாமாவைக் கூட்டிப்போனார்கள்.
விசாரணை என்றார்கள், எந்த ஊர் என்று சொல்லவில்லை.
ஜீப்பில் ஏறும்போதும் சாரத்தைத் தடவினார்.
இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

விடிந்ததும் யோகநாயகி மாமி
சாக்கைத் திரும்பக் கட்டினா.
கதிர் தள்ளப் பார்த்த பயிருக்குத் தண்ணீர் விட்டா.
அந்த ஈரக்கையால்
பூட்டை மட்டும் தேய்த்து அழித்தா.
கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது.

"திறப்பில்லாத மனுசன்,
இரவில வந்து நிண்டால் என்ன செய்யும்?"